பகலில் ஆபீஸ், இரவில் காதல் கதை: வேலையை விடாமல் நாவலாசிரியர் ஆவது எப்படி?

காலை 9 மணிக்கு மீட்டிங். மாலை 7 மணிக்கு மின்சார ரயில். ராத்திரி வீடு அடங்கிய பிறகு, மொபைலில் ஓர் அத்தியாயம். இன்று ஆன்லைனில் தமிழ்க் காதல் தொடர் எழுதும் பலருக்கு நாள் இப்படித்தான் ஓடுகிறது.

ரமணிசந்திரன் நாவலை வாடகை நூலகத்தில் எடுத்து, கைமாற்றிக் கைமாற்றிப் படித்த காலம் உண்டு. அந்த வாசகர் கூட்டம் காணாமல் போய்விடவில்லை. பிரதிலிபி, கிண்டில் என்று இடம்தான் மாறியிருக்கிறது. இங்கே எழுத எந்த எடிட்டரின் சம்மதமும் வேண்டாம். ஆனால், மாதச் சம்பளத்தில் இருப்பவர் எழுத உட்காரும்போது சில கேள்விகள் வந்தே தீரும். நேரம் எங்கே? ஆபீஸுக்குத் தெரிந்தால்? கதை யாருக்குச் சொந்தம்? காசு வருமா?

முன்னால் யாராவது செய்திருக்கிறார்களா?

நிறைய பேர். 'மோகமுள்' தந்த தி.ஜானகிராமன் பள்ளி ஆசிரியராக இருந்தவர், பிறகு ஆல் இந்தியா ரேடியோவில் பணியாற்றியவர். பாலகுமாரன் டாஃபே டிராக்டர் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். அந்தத் தொழிற்சாலை உலகம்தான் 'மெர்க்குரிப் பூக்கள்' நாவலுக்குள் வந்தது. சுஜாதா, பெங்களூரு பெல் நிறுவனத்தில் இன்ஜினீயர்.

மூவருக்கும் வேலை வெறும் சம்பளமாக மட்டும் இருக்கவில்லை. எழுத்துக்குச் சரக்கும் தந்தது. உங்கள் ஹீரோயின் நைட் ஷிஃப்ட் நர்ஸாகவோ, பேங்க் கிளர்க்காகவோ இருந்தால், அந்த வேலையின் அலுப்பும் கேலியும் உங்களுக்கே தெரிந்ததாக இருப்பது பெரிய பலம். ஆனால் பக்கத்து சீட்டுக்காரரை அப்படியே கதையில் இறக்கிவிடாதீர்கள். ஆபீஸ் ரகசியத்தையும்தான்.

நேரத்துக்கு என்ன செய்வது?

ஒரு சின்ன கணக்கு. நாவல் 40,000 சொற்கள் என்று வைத்துக்கொள்வோம். தினம் 400 சொற்கள், வாரத்தில் 5 நாள். வாரத்துக்கு 2,000 சொற்கள். அப்படியென்றால் 20 வாரத்தில், அதாவது ஐந்து மாதத்துக்குள், முதல் வரைவு முடிந்துவிடும். சனி, ஞாயிறு லீவு வேறு!

காதல் நாவலில் ஒரு வசதி உண்டு. கடைசியில் இருவரும் சேர்வார்கள் என்று வாசகருக்குத் தெரியும். அவர் காத்திருப்பது 'எப்படி' என்பதற்காக. அதனால் எழுத ஆரம்பிக்கும் முன்பே மூன்று விஷயங்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்: எங்கே சந்திக்கிறார்கள், எது பிரிக்கிறது, யார் எதை விட்டுக்கொடுத்துச் சேர்கிறார்கள். களைத்துப்போன ராத்திரியில் 'அடுத்து என்ன?' என்று யோசிக்கும் வேலை இதனால் பாதியாகக் குறையும்.

தொடராக வெளியிடுகிறீர்களா? முதல் அத்தியாயத்தைப் போடும் முன் 10 அத்தியாயங்களைக் கையிருப்பில் வையுங்கள். மார்ச் கணக்கு முடிப்போ, புராஜெக்ட் ரிலீஸோ வந்தால் இரண்டு வாரம் எழுத முடியாது. பாதியில் நின்ற தொடரை வாசகர் சுலபத்தில் மன்னிப்பதில்லை.

பழைய ஃபார்முலா போதுமா?

கட்டாயத் தாலி, கையை ஓங்கும் ஹீரோ, கடைசியில் எல்லாவற்றையும் மன்னிக்கும் ஹீரோயின். இந்த ரகக் கதைகளுக்கு இன்றும் வாசகர்கள் இருக்கிறார்கள். ஆனால் தன் சம்பளத்தில் வீட்டுக் கடன் கட்டும் பெண்ணுக்கு வேறு மாதிரிக் கதையும் வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு யார் ஊர் மாறுவது, யார் அப்பா அம்மாவைப் பார்த்துக்கொள்வது - இன்றைய ஜோடிகளை நிஜமாகவே பிரிப்பது இவைதான். அதை எழுத, அன்றாடம் அதில் வாழ்பவரைவிடத் தகுதியானவர் யார்?

ஆபீஸுக்குத் தெரிந்தால் வேலை போய்விடுமா?

முதலில் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்துப் படியுங்கள். 'வேறு எந்த வருமானப் பணியும் கூடாது' என்ற ஷரத்து இருந்தால், எச்.ஆரிடம் மெயிலில் அனுமதி கேட்டுப் பதிலைச் சேமித்து வைப்பது நல்லது. 2022-ல் விப்ரோ 300 பேரை நீக்கியது, போட்டி நிறுவனங்களுக்கு வேலை பார்த்ததற்காக. நாவல் எழுதுவது அந்த வகையில் வராது. ஆனாலும் ஒப்பந்தத்தில் கையெழுத்து போட்டது நீங்கள்தானே.

மத்திய அரசு ஊழியர்களுக்கு 1964-ம் ஆண்டின் நடத்தை விதிகள் இருக்கின்றன. அதன் 15-வது விதிப்படி, எப்போதாவது செய்யும் இலக்கியப் பணிக்கு முன் அனுமதி தேவையில்லை. அலுவலக வேலை கெடக்கூடாது என்பது நிபந்தனை. மாநில அரசு ஊழியர்களுக்குத் தனி விதிகள் உண்டு. அதைப் பார்க்காமல் இறங்க வேண்டாம்.

கதையின் உரிமை? 1957-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவுப்படி, வேலையின் பகுதியாக உருவாக்கியதுதான், வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில், முதலாளிக்குச் சொந்தம். உங்கள் நேரத்தில் எழுதிய காதல் கதை உங்களுடையது. ஆபீஸ் லேப்டாப்பில் எழுதி, தேவையில்லாத வாக்குவாதத்துக்கு இடம் கொடுக்காதீர்கள்.

புனைபெயர் வைக்கலாமா?

தாராளமாக. ரங்கராஜன் என்ற இன்ஜினீயர், பத்திரிகையுலகில் ஏற்கெனவே ரா.கி.ரங்கராஜன் இருந்ததால், மனைவியின் பெயரை எடுத்துக்கொண்டு 'சுஜாதா' ஆனார். வீட்டில் கேலி, ஆபீஸில் நமட்டுச் சிரிப்பு, சொந்தக்காரர்களின் 'இதெல்லாம் உன் அனுபவமா?' என்ற கேள்வி - காதல் எழுதும் பெண்களுக்குப் புனைபெயர் ஒரு கதவு மாதிரி. கிண்டிலில் புத்தகத்தின் மேல் புனைபெயர் போடலாம். வங்கிக் கணக்கு, வரி விவரங்களில் மட்டும் உண்மைப் பெயர்.

சரி, காசு?

அமேசான் கேடிபியில் இந்திய விற்பனைக்கு 70 சதவிகித ராயல்டி வேண்டுமென்றால், 'கேடிபி செலக்ட்' திட்டத்தில் சேர வேண்டும். சேராவிட்டால் 35 சதவிகிதம். செலக்ட்டில் சேர்ந்தால், கிண்டில் அன்லிமிடெடில் வாசகர் படித்த பக்கங்களுக்கும் பணம் உண்டு.

கவனிக்க வேண்டிய இடம் இதுதான்: சேர்ந்த 90 நாட்களுக்கு அந்தக் கதை டிஜிட்டலில் வேறெங்கும் முழுதாக இருக்கக்கூடாது. பிரதிலிபியில் தொடராகப் போட்டதை அப்படியே விட்டுவிட்டு செலக்ட்டில் சேர்ப்பது விதிமீறல்.

பதிப்பகமோ, ஆடியோ ஆப்போ ஒப்பந்தம் நீட்டினால், மூன்று வரிகளைத் தேடுங்கள்: எந்தெந்த உரிமை, எத்தனை ஆண்டு, எந்தெந்த நாடு. சட்டத்தின் 19-வது பிரிவுப்படி உரிமை மாற்றம் எழுத்தில் இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு. இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். ஆனால் 'எல்லா உரிமைகளும், நிரந்தரமாக' என்ற வரியில் கையெழுத்து போட்டுவிட்டால், நாளை அந்தக் கதை வெப் சீரிஸ் ஆனாலும் உங்களுக்கு வரும் பங்கு பெரும்பாலும் அந்த ஒப்பந்தத்தைப் பொறுத்ததுதான். உங்கள் கதைக்கான உரிமை, சட்டப்படி, உங்கள் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டுகள் நீடிக்கக்கூடியது. முதல் அட்வான்ஸ் சந்தோஷத்தில் அதைக் கொடுத்துவிடாதீர்கள்.

ராயல்டிக்கு வருமான வரி உண்டு. ஐடிஆரில் காட்டுங்கள். 1961-ம் ஆண்டு சட்டத்தின் 80 க்யூக்யூபி பிரிவு, எழுத்தாளரின் ராயல்டிக்கு 3 லட்சம் ரூபாய் வரை கழிவு தந்தது. பழைய வரி முறையில் மட்டும், நிபந்தனைகளோடு. 2025-ம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறியிருப்பதால், ஆடிட்டரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்போ வேலையை எப்போது விடலாம்?

ஒரு மாதம் நன்றாக வந்த ராயல்டியை வைத்து முடிவெடுக்காதீர்கள். பண்டிகை மாதமும் பரீட்சை மாதமும் சேர்ந்த ஒரு முழு ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். பி.எஃப்., மருத்துவக் காப்பீடு இரண்டையும் நீங்களே கட்டினால் மிச்சம் என்ன என்று கழித்துப் பாருங்கள். அதுவரை மாதச் சம்பளம் வாடகையைப் பார்த்துக்கொள்ளட்டும். பணத்துக்காக அவசர அவசரமாக முடிக்காத கதையை எழுதும் சுதந்திரம், இப்போதைக்கு அந்தச் சம்பளம் தருவதுதான்.