தாய்க்கோழியின் வேலை

சந்தை நாட்களிலும் பள்ளிக்கூட வாசல்களிலும் சைக்கிள் கூடைகளில் இளஞ்சிவப்பும் பச்சையும் நீலமுமாகச் சாயம் ஏற்றிய கோழிக்குஞ்சுகள் விற்பனைக்கு வரும். பெரும்பாலும் அவை முட்டைக்கோழிப் பண்ணைகளுக்காகக் குஞ்சு பொரிக்கும் இடங்களில் வேண்டாமென்று கழிக்கப்பட்ட சேவல் குஞ்சுகள். பிள்ளை ஆசையாகக் கேட்கும், வாங்கிக் கொடுப்போம். ஓர் அட்டைப்பெட்டி, ஒரு பிடி நொய், ஒரு கிண்ணம் தண்ணீர். அவற்றில் பல முதல் சில இரவுகளைத் தாண்டுவதில்லை. சாயம்தான் கொன்றுவிட்டது என்று வீட்டில் பேசிக்கொள்வார்கள். பெரும்பாலும் கொல்வது குளிர்.

நமக்கு வியர்த்துக் கொட்டும் ஊரில் குளிர் எங்கிருந்து வந்தது? பிறந்த குஞ்சைச் சுற்றி ஏறத்தாழ 35 டிகிரி செல்சியஸ் சூடு இருக்க வேண்டும். நம் ஊரின் பகல் அதைக் கொடுத்துவிடும், பின்னிரவு கொடுக்காது. அந்த நேரத்தில் சிறகை விரித்து உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டியது தாய்க்கோழி. பொரிப்பகத்திலிருந்து வரும் குஞ்சு தாயைக் கண்ணால் கண்டதே இல்லை. அதை நாம் கையில் வாங்கும் கணத்தில் தாய்க்கோழியின் வேலையும் நம் கைக்கு வந்துவிடுகிறது. அந்த வேலை என்னவென்று முழுதாகப் பார்த்தால், புழக்கடையில் கவிழ்த்த கூடைக்குள் உட்கார்ந்திருக்கும் அந்தச் சாதாரணப் பறவைமேல் நமக்குப் பெரிய மரியாதை வந்துவிடும்.

முட்டைக்குள் ஒரு காத்திருப்பு

நாட்டுக்கோழி ஒரே நாளில் பத்து முட்டை இடுவதில்லை. ஒரு நாள் இட்டு, ஒரு நாள் விட்டு, பத்துப் பன்னிரண்டு சேர்ந்த பிறகே அடையில் உட்காரும். முதல் முட்டைக்கும் கடைசி முட்டைக்கும் இடையே இரண்டு மூன்று வாரம்கூட இருக்கலாம். ஆனாலும் குஞ்சுகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே நாளில் வெளியே வருகின்றன.

காரணம் கருவின் பொறுமை. முட்டை உருவாகித் தாயின் உடலுக்குள் இருக்கும் ஒரு நாளிலேயே கரு பிரிந்து வளரத் தொடங்கிவிடுகிறது. முட்டை வெளியே வரும்போது அதில் பல்லாயிரம் செல்கள் இருக்கும். பிறகு ஓடு குளிர்கிறது. ஏறத்தாழ 20 டிகிரிக்குக் கீழே சென்றதும் வளர்ச்சி அப்படியே நின்றுவிடுகிறது. கரு சாகவில்லை, காத்திருக்கிறது. கோழி அடையில் அமர்ந்து எல்லா முட்டைகளையும் ஒன்றாகச் சூடேற்றும்போது மூத்ததும் இளையதும் ஒரே நேரத்தில் மீண்டும் வளரத் தொடங்குகின்றன.

சித்திரை வெயிலில் அடை வைத்தால் கூமுட்டை அதிகம் என்று ஊரில் சொல்வதற்கு இதிலேயே ஒரு விளக்கம் இருக்கிறது. அறையின் சூடு முப்பதைத் தாண்டும்போது கரு முழுதாக ஓய்வதும் இல்லை, ஒழுங்காக வளர்வதும் இல்லை. அரைகுறையாக வளர்ந்து பலவீனப்பட்டுப் போகிறது. அதனால்தான் அடைக்கென்று எடுத்துவைக்கும் முட்டையை ஈரமணல் மேல் வைத்த மண்பானையில் குளிர்ச்சியாக வைப்பதும், ஒரு வாரத்துக்குமேல் சேர்த்துவைக்காமல் இருப்பதும் நல்லது.

அடையில் அமர்ந்த கோழியின் அடிவயிற்றில் இறகு உதிர்ந்து தோல் வெறுமையாகும். அங்கே ரத்த ஓட்டம் கூடும். இறகு உடம்பின் சூட்டை வெளியே விடாது. முட்டைக்குச் சூடு போய்ச் சேர வேண்டுமானால் தோல் ஓட்டைத் தொட வேண்டும். ஒரு நாளில் பலமுறை அது அலகால் முட்டைகளைப் புரட்டுகிறது. புரட்டாவிட்டால் கரு ஓட்டின் உட்சவ்வோடு ஒட்டிக்கொள்ளும். ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு. அவற்றின் வழியே காற்று உள்ளே போகிறது, ஈரம் வெளியேறுகிறது. ஈரம் குறையக் குறைய முட்டையின் அகன்ற முனையில் காற்றறை பெரிதாகிறது. இருபதாம் நாளையொட்டிக் குஞ்சு அந்த அறைக்குள் அலகை நுழைத்து, வாழ்வின் முதல் மூச்சை இழுக்கிறது. இன்னும் ஓடு உடையவில்லை. ஆனால் காதருகே வைத்தால் கீச்சொலி கேட்கும்.

அந்தப் பொழுதில் முட்டைகள் ஒன்றோடொன்று பேசுகின்றன. 1960-களில் மார்கரெட் வின்ஸ் என்ற பிரிட்டன் ஆய்வாளர் காடை முட்டைகளில் இதை விரிவாக ஆராய்ந்தார். பொரிக்கப்போகும் குஞ்சு எழுப்பும் ‘டிக் டிக்’ ஒலி, தொட்டுக்கொண்டிருக்கும் பக்கத்து முட்டையை விரைவுபடுத்துகிறது என்று அவர் காட்டினார். பின்தங்கியது முந்தி வந்து சேர்ந்துகொள்கிறது. இருபத்தோராம் நாள், அலகு நுனியில் முளைத்திருக்கும் சின்னஞ்சிறு முள்ளால் கோழிக்குஞ்சு ஓட்டைக் குத்தி உடைத்து வெளியே வருகிறது. அந்த முள் சில நாளில் தானே உதிர்ந்துவிடும். அதற்கு வேறு வேலை கிடையாது.

வயிற்றுக்குள் கட்டுச்சோறு

பொரிப்பதற்குச் சற்று முன்பு குஞ்சு மிச்சமிருக்கும் மஞ்சள் கருவைத் தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டு தொப்புளை மூடிக்கொள்கிறது. இந்தக் கட்டுச்சோறு இரண்டு மூன்று நாள் தாங்கும். இது தாய்க்காக ஏற்பட்ட ஏற்பாடு. முதலில் பொரித்தது பசியால் துடித்தால் தாய் எழுந்து இரை தேடப் போக வேண்டும். மிச்ச முட்டைகள் குளிர்ந்துபோகும். மூத்த குஞ்சு தாயின் அடியில் பொறுமையாகக் கிடப்பதால் கடைசிக் குஞ்சுக்கும் வாழ வழி கிடைக்கிறது.

இந்தப் பொறுமையை மனிதர்கள் வணிகமாக்கினார்கள். ஒரு நாள் குஞ்சுகளைப் பெட்டியில் அடைத்துப் பேருந்திலும் ரயிலிலும் அனுப்ப முடிவது அதனால்தான். அமெரிக்காவில் 1918 முதல் தபாலிலேயே குஞ்சுகளை அனுப்பிவருகிறார்கள். ஆனால் மூன்று நாள் தாங்கும் என்பதற்காக மூன்று நாள் பட்டினி போடலாம் என்று பொருளில்லை. சீக்கிரம் தண்ணீரும் தீவனமும் கிடைத்த குஞ்சின் குடல் சீக்கிரம் வளர்கிறது.

வாங்கும்போது தொப்புளைப் பாருங்கள். உலர்ந்து மூடியிருக்க வேண்டும். கண் பளிச்சென்று இருக்க வேண்டும், கால் உறுதியாக நிற்க வேண்டும், பின்புறத்தில் எச்சம் ஒட்டியிருக்கக் கூடாது. வீட்டுக்கு வந்ததும் முதலில் தண்ணீர். ஒவ்வொரு குஞ்சின் அலகையும் ஒருமுறை மெதுவாகத் தண்ணீரில் தொட்டு எடுத்தால் போதும், இடம் தெரிந்துகொள்ளும். தண்ணீர்த் தட்டில் கூழாங்கற்களைப் பரப்பி வையுங்கள். கால்விரல் ஆழத் தண்ணீரில்கூடச் சின்னக் குஞ்சு நனைந்து விறைத்துப்போகும்.

சூடு என்னும் சிறகு

வளர்ந்த கோழியின் உடல்சூடு ஏறத்தாழ 41 டிகிரி. குஞ்சின் மேலிருப்பது இறகு இல்லை, வெறும் தூவி. அந்தச் சூட்டைத் தானே காப்பாற்றிக்கொள்ள அதனால் முடியாது. முதல் வாரம் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைத்து, நான்கைந்து வாரத்தில் இறகு மூடியதும் விளக்கை எடுத்துவிடலாம். குஞ்சுக்கு இரண்டு வாட் என்ற கணக்கில் குண்டு பல்பு தொங்கவிடுவது பழகிய வழக்கம். எல்.இ.டி. பல்பு வெளிச்சம்தான் கொடுக்கும், போதிய சூடு கொடுக்காது.

தெர்மாமீட்டரைவிட நல்ல அளவுகோல் குஞ்சுகளே. விளக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிந்தால் குளிர்கிறது. விளக்கை விட்டு விலகி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு மிகை. எல்லாம் ஒரே பக்கம் ஒதுங்கினால் எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று அடிக்கிறது. பரவலாக மேய்ந்தும் படுத்தும் கிடந்தால் எல்லாம் சரி. காதையும் தீட்டிக்கொள்ளுங்கள். மெல்லிய கலகலப்பு நிம்மதியின் ஒலி. விடாமல் உரக்கக் கத்தும் ‘கீச் கீச்’ தாயை அழைக்கும் ஒலி.

குஞ்சுகளைச் சுற்றி வைக்கும் தடுப்பு வட்டமாக இருப்பது முக்கியம். மூலையிருந்தால் குஞ்சுகள் அங்கே நெருக்கியடித்து அடியில் இருப்பவை மூச்சுமுட்டிச் சாகும். கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்பார்கள். குஞ்சு மிதித்துக் குஞ்சு சாகும். தரையில் நெல் உமியோ கடலைத்தோலோ இரண்டு அங்குலம் பரப்பி, முதல் சில நாளுக்கு மேலே சாக்கு விரிக்கலாம். வழுவழுப்பான தாள் வேண்டாம்; பிஞ்சுக்கால் வழுக்கி அகன்று நிரந்தரமாக ஊனமாகிவிடும்.

ஒற்றைக் குஞ்சு வாங்காதீர்கள். பொரித்த சில நாளுக்குள் கண்ணில் படும் அசையும் பொருளைத் தாயாக மனத்தில் பதித்துக்கொள்ளும் இயல்பு குஞ்சுக்கு உண்டு. டக்ளஸ் ஸ்பால்டிங் 1873-லேயே இதை எழுதிவைத்தார். தாயும் இல்லை, உடன்பிறப்பும் இல்லை என்றால் அந்தப் பதிவு உங்கள்மேல் விழும். நீங்கள் அறையை விட்டுப் போகும்போதெல்லாம் அது தாயை இழக்கும்.

எது இரை?

குஞ்சுக்குக் கொத்தத் தெரியும்; எதைக் கொத்துவது என்று தெரியாது. கோழி ‘கொக் கொக்’ என்று அழைத்து, தரையைக் கீறி, ஒரு தானியத்தைக் கொத்தி எடுத்துக் கீழே போட்டுக் காட்டும். பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டின் நிகோலும் ஸ்டூவர்ட் போப்பும் 1996-இல் வெளியிட்ட ஆய்வு இதன் ஆழத்தைக் காட்டியது. ஒரு நிறத் தீவனம் நல்லது, இன்னொன்று ஆகாது என்று தாய்க்கோழிகளைப் பழக்கினார்கள். தங்கள் குஞ்சுகள் ஆகாத நிறத்தைத் தின்பதாகப் பார்த்த கோழிகள், வழக்கத்தைவிட அதிகமாகக் கீறியும் கொத்தியும் காட்டின. பிள்ளை தவறு செய்கிறது என்று அந்தச் சிறிய தலைக்குத் தெரிகிறது. அதே பல்கலைக்கழகத்தின் 2011 ஆய்வில், குஞ்சுகள்மேல் காற்றைப் பீய்ச்சி லேசாகத் தொந்தரவு செய்தபோது பார்த்துக்கொண்டிருந்த தாய்களின் இதயத்துடிப்பு கூடியது.

தாயில்லாத இடத்தில் நம் விரல்தான் அலகு. தீவனத்தைச் சாக்கின்மேல் தூவி விரலால் தட்டுங்கள், குஞ்சுகள் ஓடிவரும். வெறும் நொய் போதாது. வளரும் உடம்புக்குப் புரதம் வேண்டும். குஞ்சுத் தீவனத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு புரதம் இருப்பது அதற்காகத்தான். நம் கிராமங்களில் அதற்கு அருமையான வழி ஒன்று உண்டு. பழைய பானைக்குள் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், ஓலை எல்லாம் திணித்து, தண்ணீர் தெளித்து, கரையான் இருக்கும் இடத்தில் மாலையில் கவிழ்த்துவைத்தால் காலையில் பானை நிறையக் கரையான் சேர்ந்திருக்கும். காட்டுக்கோழி தன் குஞ்சுகளுக்குத் தோண்டிக் காட்டும் இரைகளில் இதுவும் ஒன்று.

தாய் கொடுக்கும் கண்ணுக்குத் தெரியாத சொத்து

1973-இல் பின்லாந்தின் எஸ்கோ நுர்மியும் ரன்டலாவும் ‘நேச்சர்’ இதழில் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார்கள். வளர்ந்த கோழியின் குடலில் வாழும் நுண்ணுயிர்களைப் புதிதாகப் பொரித்த குஞ்சுகளுக்குக் கொடுத்தார்கள். அந்தக் குஞ்சுகளைச் சால்மோனெல்லா கிருமி எளிதில் பிடிக்கவில்லை. தாயோடு சுற்றும் குஞ்சு அதன் எச்சத்தையும் மண்ணையும் கொத்திக்கொத்தி இந்தக் காவல்படையைத் தானே சேர்த்துக்கொள்கிறது. பொரிப்பகக் குஞ்சின் குடலோ ஏறத்தாழ ஆளில்லாத வீடு. முதலில் நுழைபவர் குடியேறிவிடுவார்.

அதனால்தான் தாயில்லாக் குஞ்சுக்குச் சுத்தமும் ஈரமின்மையும் இரட்டிப்பு முக்கியம். ரத்தக்கழிச்சலை உண்டாக்கும் ஒட்டுண்ணியின் முட்டை, எச்சத்தில் விழுந்தவுடன் தொற்றாது; ஈரமும் சூடும் காற்றும் கிடைத்தால் ஓரிரு நாளில் முதிர்ந்து தொற்றும் நிலைக்கு வரும். உமி உலர்ந்திருந்தால் அந்தச் சங்கிலி அறுந்துபோகும். தண்ணீர்த் தட்டைச் சுற்றி நனைந்த உமியை அன்றன்றே அள்ளிவிடுங்கள். குஞ்சைத் தொட்ட பிள்ளைகள் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

வெள்ளைக்கழிச்சலுக்கு மட்டும் சுத்தம் போதாது. 1920-களில் இன்றைய உத்தராகண்டின் ராணிக்கேத்தில் கண்டறியப்பட்ட இந்த வைரஸ் நோய், வந்தால் கூண்டையே காலி செய்துவிடும். முதல் வாரத்தில் கண்ணில் விடும் சொட்டு மருந்தும், எட்டாவது வாரத்தில் போடும் ஊசியும் அதைத் தடுக்கும். கோடை தொடங்குமுன் கால்நடை மருந்தகங்கள் நடத்தும் இலவச முகாம்களை விட்டுவிடாதீர்கள்.

அடையை இழந்த பறவை

இத்தனை வேலையும் ஏன் நம் தலையில் விழுந்தது? அடையில் உட்காரும் கோழியின் உடலில் புரோலாக்டின் என்ற ஹார்மோன் கூடுகிறது, முட்டையிடுவது நின்றுவிடுகிறது. இருபத்தொரு நாள் அடை, பிறகு குஞ்சுகளோடு இரண்டு மாதம். அதனால்தான் நாட்டுக்கோழி ஆண்டுக்கு அறுபது எண்பது முட்டையோடு நிற்கிறது. முட்டை வேண்டியவர்கள் அடையில் உட்காராத கோழிகளையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தார்கள். நாமக்கல் பண்ணைகளின் வெள்ளைக்கோழி முந்நூறுக்குமேல் இடுகிறது. தாயாகும் இயல்பை ஏறக்குறைய முழுதாக இழந்துவிட்டது. அதற்குப் பதிலாக முட்டையைப் பொரிக்க இன்குபேட்டரும், குஞ்சுக்குச் சூடு கொடுக்கப் புரூடரும் வந்தன. பெட்டியால் சூடு கொடுக்க முடிந்தது. எது இரை என்று காட்டவோ, பருந்தைக் கண்டு எச்சரிக்கவோ முடியவில்லை.

ஆகவே புழக்கடையில் கோழி வளர்க்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். குஞ்சு வாங்குவதற்கு முன் அடையில் நன்றாக உட்காரும் ஒரு சிறுவிடைக் கோழியைத் தேடிப் பிடியுங்கள். உருவம் சிறியது, முட்டை குறைவு. தாய்மையில் அதற்கு ஈடு கிடையாது. இரண்டு மூன்று வாரம் அடையில் இருந்த கோழியின் அடியில், இரவு இருட்டில், பொரித்து ஓரிரு நாளான குஞ்சுகளை ஒவ்வொன்றாக நுழைத்துவிட்டால் பெரும்பாலும் காலையில் தன் பிள்ளைகளாகவே ஏற்றுக்கொள்ளும். தாமதித்தால் ஏற்காது, கொத்தும். முதல் காலையில் பக்கத்தில் இருந்து கவனியுங்கள். முட்டைக் கணக்கை மட்டும் பார்த்து இந்தக் கோழிகளைக் கழித்துவிட்டால், குஞ்சை ஆளாக்கும் வித்தையையும் சேர்த்துக் கழித்துவிடுவோம். அதைத் திரும்ப வாங்க எந்தச் சந்தையும் இல்லை.