அட்டை தொலைந்தாலும் உடல் மறப்பதில்லை

1996இலும் 2008இலும் உருத்திரபுரத்தை விட்டு இடம்பெயர்ந்தபோது விதைநெல்லையும் காணி உறுதியையும் தூக்கினோம். பிள்ளைகளின் தடுப்பூசி அட்டை பலருக்குத் தவறிப்போனது. "அட்டை போனால் போட்ட ஊசியும் வீண்தானே?" என்று தாய்மார் கேட்பதுண்டு. வீண் அல்ல. ஏன் என்று பார்ப்போம்.

பிறந்த பிள்ளையின் இடது புயத்தில் பி.சி.ஜி. ஊசி போடுகிறார்கள். சிறுபிள்ளைகளுக்கு வரும் மூளைக் காசநோய் போன்ற கடும் நோய்களை அது தடுக்கிறது. அதில் இருப்பது வலுக்குறைந்த, உயிருள்ள கிருமி. அதனை முதலில் எதிர்கொள்பவற்றுள் ஒன்று கிளைக்கலம். மரக்கிளைபோலக் கைகளை நீட்டியிருப்பதால் இப்பெயர். 1973இல் இக்கலத்தை விபரித்த ரல்ஃப் ஸ்ரைன்மனுக்கு 2011இல் நோபல் பரிசு கிடைத்தது.

இரவில் வயலுக்குள் பன்றிக் கூட்டம் புகுந்தால் காவற்காரர் தனியே நின்று மல்லுக்கட்டுவதில்லை, ஊரை எழுப்புகிறார். கிளைக்கலமும் அப்படித்தான். கிருமியை விழுங்கித் துண்டாக்கி, அத்துண்டைத் தன் மேற்பரப்பில் ஏந்திக்கொண்டு கமக்கட்டிலுள்ள நிணநீர்க்கணுவுக்குச் செல்கிறது. அங்கே எண்ணற்ற ரி கலங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் தனக்குரிய துண்டை மட்டுமே அடையாளம் காணும்.

அடையாளம் கண்டால் மட்டும் போதாது. 'ஆபத்து' என்ற இரண்டாவது சைகையையும் கிளைக்கலம் கொடுக்க வேண்டும். அது இல்லாவிடில் ரி கலம் எழும்பாது. நமது உடலையே நமது கலங்கள் தாக்காதிருக்க இது ஒரு காவல். இரண்டும் சேர்ந்தால் அந்த ரி கலம் பலவாகப் பெருகும். சில கிருமியை எதிர்க்கப் போகும். சில நினைவுக் கலங்களாகத் தங்கிவிடும்.

சில வாரங்களின் பின் ஊசி போட்ட இடத்தில் சிறு கட்டி தோன்றித் தழும்பாவது இந்த வேலையின் அடையாளமே. அதனை நசுக்கவோ மருந்து பூசவோ வேண்டாம். கமக்கட்டு பெரிதாக வீங்கினால் கிளினிக்கில் காட்டுங்கள்.

ஆனால், காட்டப்படாத கிருமியை உடல் அறியாது. சில ஊசிகளின் நினைவும் காலப்போக்கில் மங்கும். அதனாலேயே பல தடவை போடுகிறார்கள். இடையில் தவறியிருந்தால் முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அட்டை இல்லையென்று வெட்கப்பட்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள். எந்த ஊரில், எந்த வயதில் ஊசி போட்டது என்பதைக் குடும்பநல மாதுவிடம் சொல்லுங்கள். எஞ்சியதை அவர் பார்த்துக்கொள்வார். புதிய அட்டையைக் காணி உறுதியோடு சேர்த்து வைப்போம்.