மோடத்தின் வேகம் மாறுவது ஏன்?

களியக்காவிளை தமிழ்நாட்டின் எல்லையூர். அதனைக் கடந்தால் கேரளம். அப்பக்கத்து மாணவர் பலர் உதவித்தொகை விண்ணப்பத்தையும் தேர்வு விண்ணப்பத்தையும் கைப்பேசி அலைவழி இயங்கும் மோடங் கொண்டே அனுப்புகின்றனர். விடியலில் நொடிப்பொழுதில் முடியும் அவ்வேலை இரவில் பாதியில் நின்றுவிடுகின்றது. இறுதி நாளன்று அங்ஙனம் நிற்பின் ஓராண்டு உதவித்தொகையே கைநழுவும். பழியோ மோடத்தின்மேல் விழுகின்றது. அப்பழி தகுமா என்பதனை ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் அளவையை அறிதல் வேண்டும். வேகத்தைப் பிட்டாலும் கோப்பினைப் பைட்டாலும் அளப்பர். 8 பிட் கொண்டது 1 பைட். ஆதலின் நொடிக்கு 8 மெகாபிட் வேகத்தில் 10 மெகாபைட் கோப்பு வந்துசேர 10 நொடியாகும்.

4ஜி மோடத்தின் பெட்டியில் 150 மெகாபிட் என்று அச்சிட்டிருக்கக் காண்கின்றோம். 20 மெகாஹெர்ட்சு அகலமுள்ள அலைவரிசை முழுவதும் ஒருவர்க்கே வாய்த்து, குறியலையும் குறைவற இருப்பின் எய்தத்தக்க உச்சவரம்பே அஃது. இந்திய அரசு 2023-இல் அகலப்பட்டைக்கு வகுத்த குறைந்த அளவோ 2 மெகாபிட்டே. இவ்விரண்டிற்கும் இடையே வேகம் ஏறியிறங்குதற்குக் காரணங்கள் பல.

முதலாவது பங்கீடு. ஒரு கோபுரத்தின் அலைவரிசையை அதன் எல்லைக்குள் உள்ளார் அனைவரும் பகிர்ந்துகொள்கின்றனர். தலைமடையார் பலரும் ஒருங்கே நீர் பாய்ச்சினால் கடைமடை வயல் வாடுமன்றோ? மாலையில் வீடுதோறும் படக்காட்சி ஓடுங்கால் நம் பங்கும் அங்ஙனமே சுருங்கும்.

இரண்டாவது தொலைவும் தடையும். ஒரு வழி சுமக்கும் செய்தியின் அளவு, அதன் அகலத்தையும், இரைச்சலினும் குறியலை எத்துணை ஓங்கியுள்ளது என்பதனையும் பொறுத்தது எனக் கிளாடு ஷானன் 1948-இல் நிறுவினார். மேடும் பள்ளமுமாகிய விளவங்கோட்டு நிலமும், இரப்பர்த் தோட்டமும், தென்னந்தோப்பும், காங்கிரீட்டுச் சுவரும் குறியலையை நலியச் செய்வன. 850 மெகாஹெர்ட்சு அலை நெடுந்தொலைவு செல்லும். சுவரையும் ஓரளவு ஊடுருவும். 2300 மெகாஹெர்ட்சு அலையோ தடைப்பட்டால் விரைவில் மெலியும்.

மூன்றாவது எல்லை. தொலைத்தொடர்புக்காக நாடு 22 உரிமப் பகுதிகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. தமிழ்நாடு ஒன்று, கேரளம் மற்றொன்று. ஒரே நிறுவனத்திற்கும் இரு பகுதிகளிலும் ஒத்த அலைவரிசை அகலம் இருக்கவேண்டுமென்னும் நியதியில்லை. எல்லையில் மோடம் இருபுறத்துக் கோபுரங்களுக்கும் இடையே மாறிமாறித் தாவினால், தாவுந்தோறும் செய்தியோட்டம் தடைப்படும்.

இனிச் செய்யத்தக்கன சில. மோடத்தின் அமைப்புப் பக்கத்தில் குறியலை அளவு டெசிபல் கணக்கில் காணப்படும். கழித்தல் 80-ஐ ஒட்டியிருப்பின் நன்று. கழித்தல் 110-க்குக் கீழாயின் மெலிவு. நாள்முழுதும் மெலிவாயின், நீட்டிப்புக் கம்பி கொண்டு மோடத்தைக் கோபுரத்தை நோக்கிய சாளரத்திலோ மாடியிலோ வைத்துப் பார்க்கலாம். கோபுரத் தாவல் நிகழின் வலையமைப்பை நாமே தேர்ந்து நிறுத்தலாம். குறியலை நன்றாயிருந்தும் மாலையில் மட்டும் வேகம் தாழின், அது பெரும்பாலும் நெரிசலின் விளைவே. புதுமோடம் வாங்குதல் வீண்செலவு. அந்நிலையில் விடியற்காலையே உற்ற துணை.

எனவே பெட்டியில் அச்சிட்ட எண்ணை நம்பி இறுதி இரவுவரை காத்திராது, நம் வீட்டில் எவ்வேளையில் எவ்வளவு வேகம் கிடைக்கின்றதென அளந்தறிந்து, விண்ணப்பங்களை முன்னரே அனுப்புதல் அறிவுடைமையாகும்.