மணலைப் பிணிக்கும் அடும்பு

நெய்தல் நிலத்தின் கருப்பொருள்களுள் ஒன்று அடும்பு. அடம்பு, அடப்பங்கொடி என்றும் இதனை வழங்குவர். எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டிய மணற்பரப்பு போன்ற இடங்களே இக்கொடிக்கு ஏற்ற வாழிடம். காலையில் மலரும் கொடியினங்கள் பலவாதலின், அடும்பைப் பிரித்தறியும் முறையை அறிதல் வேண்டும்.

முதலில் இலையை நோக்குக. தடித்த இலை, அதன் நுனி இரண்டாகப் பிளந்திருக்கும். குறுந்தொகையின் 243ஆம் பாடல் இதனை மானின் குளம்படிக்கு ஒப்பிடுகிறது. 1753இல் இதற்கு அறிவியற்பெயர் சூட்டிய லின்னேயசு, 'ஆட்டின் கால்' எனப் பொருள்படும் 'பெஸ் காப்ரே' என்னும் இலத்தீன் தொடரைத் தேர்ந்தார். காலத்தாலும் மொழியாலும் வேறுபட்ட இருவர் கண்களுக்கும் குளம்பே தோன்றியது வியப்பிற்குரியது.

அடுத்து, வாழிடத்தையும் தண்டையும் நோக்குக. வள்ளைக்கீரையும் இதே இனத்தைச் சேர்ந்ததே. எனினும் அதன் தண்டு உட்டுளை உடையது, நன்னீரில் மிதப்பது. நெய்வேலிக் காட்டாமணக்கும் இவ்வினத்ததே; ஆயின் அது நீர்நிலைக் கரைகளில் புதராக நிமிர்ந்து வளரும். அடும்போ மணல்மீது படர்ந்து, கணுதோறும் வேர்விடும். அதன் மலர் செவ்வூதா நிறப் புனல் வடிவினது. காலையில் விரிந்து அன்றே வாடும்.

மலர் வாழ்வது ஒருநாள். கொடி வாழ்வதோ பல்லாண்டு. ஒருபருவக் கொடிகள் விதை முற்றியதும் மடிந்துவிடும். அடும்பின் ஆணிவேரும் கணுவேர்களும் நிலைத்திருப்பதால் அது மீண்டும் மீண்டும் தளிர்க்கும். காற்று மணலைக் குவித்து மூடினாலும் புதிய தளிர் மேலெழும். அதன் விதைகள் கடல்நீரில் மிதந்து தொலைதூரக் கரைகளையும் அடையும். ஆதலால் வெப்பமண்டலக் கடற்கரைகள் பலவற்றிலும் இக்கொடியைக் காணலாம்.

இராவணன் மீசைப் புல்லுடன் சேர்ந்து மணலைப் பிணித்து, மணல்மேடு உருவாக அடும்பு துணைபுரிகிறது. ஆனால் மணலே இல்லாவிடத்து அது என்செய்யும்? சென்னைக் கரையோரமாக வடக்கு நோக்கி நகரும் மணலைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் தடுத்தன. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம், திருவொற்றியூர்க் கரைகள் அரிப்புக்குள்ளாயின. கரையைக் காக்கக் கற்கள் கொட்டப்பட்டன. அவை அலையைத் தடுக்கும். அடும்புக்கு வேரூன்ற இடம் தாரா.

ஆகவே, அடும்பை அடையாளம் காண்பது ஒரு செடியின் பெயரை அறிவதோடு முடிவதன்று. அது படர்ந்துள்ள இடத்தில் மணற்கரை இன்னும் எஞ்சியிருக்கிறது என்று பொருள். அக்கொடியை மிதித்தழிக்காமலும் குப்பையால் மூடாமலும் காப்பது, அக்கரையைக் காப்பதன் முதற்படியாகும்.