எந்தக் கப்பலில் வந்தார் உங்கள் தாத்தா?

விடுமுறைக்குப் பெர்த் போகும் நம்மவர்கள் ஸ்வான் பள்ளத்தாக்கு, ரொட்னெஸ்ட் தீவு என்று ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, நேரம் மிஞ்சினால் ஃபிரிமேண்டல் சிறைச்சாலையை எட்டிப் பார்ப்பார்கள். 1850களில் கைதிகளே சுண்ணாம்புக் கல்லை வெட்டியெடுத்துத் தங்களுக்காகக் கட்டிக்கொண்ட சிறை அது. 1991 வரை சிறையாகவே இயங்கியது. 2010-இல் யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்தது.

வேலை நிமித்தம் சில ஆண்டுகள் பெர்த்தில் இருந்தபோது, ஊரிலிருந்து வருபவர்களை நான் அடிக்கடி அங்கு அழைத்துப் போவேன். போகப் போக ஒன்று புரிந்தது. அங்கே வருகிறவர்களில் பலர் சுற்றுலாப் பயணிகள் அல்லர். தாத்தாவைத் தேடி வருகிறவர்கள்.

1788 முதல் 1868 வரை பிரிட்டன் ஏறத்தாழ 1,62,000 கைதிகளைக் கப்பலேற்றி ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பியது. முதலில் நியூ சவுத் வேல்ஸ், பிறகு தாஸ்மேனியா, கடைசியாக மேற்கு ஆஸ்திரேலியா. வேலைக்கு ஆள் போதவில்லை என்று கைதிகளைக் கேட்டு வாங்கிய குடியேற்றம் மேற்கு ஆஸ்திரேலியா. 1850 தொடங்கி 18 ஆண்டுகளில் இங்கு வந்த கைதிகள் ஏறத்தாழ 10,000 பேர். ஒருவர்கூடப் பெண் இல்லை. 1868 ஜனவரியில் ஃபிரிமேண்டல் வந்த ‘ஹவுகௌமாண்ட்’ தான் கடைசிக் கப்பல்.

அதன்பின் நூறு ஆண்டுகளுக்கு இதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. தாஸ்மேனியாவுக்கு முன்பு வான் டீமன்ஸ் லேண்ட் என்று பெயர். அந்தப் பெயரைக் கேட்டாலே கைதிகள்தான் நினைவுக்கு வருவார்கள். 1853-இல் கைதிகள் வருவது நின்றது. 1856-இல் தீவு பெயரையே மாற்றிக்கொண்டது. ஒரு தீவே பெயரை மாற்றிக்கொண்டதென்றால் குடும்பங்கள் என்ன செய்திருக்கும்? ‘எங்கள் ஆள் சுதந்திரமாக வந்தவர்’ என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தார்கள்.

இன்று நிலைமை தலைகீழ். 2008-இல் அன்றைய பிரதமர் கெவின் ரட்டுக்கு அவருடைய குடும்ப வரலாறு புத்தகமாகத் தொகுத்துப் பரிசளிக்கப்பட்டது. அதில் இருந்த முன்னோரில் ஒருத்தி மேரி வேட். லண்டனில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் கவுனையும் தொப்பியையும் பறித்துக்கொண்டதற்காக, 11 வயது மேரிக்கு 1789-இல் தூக்குத் தண்டனை விதித்தார்கள். பிறகு அது நாடு கடத்தலாகக் குறைந்தது. ‘லேடி ஜூலியானா’ என்ற கப்பலில் 1790 ஜூனில் சிட்னி வந்து சேர்ந்தாள். 82 வயதுவரை வாழ்ந்து 1859-இல் கண்மூடியபோது அவள் வழிவந்தவர்கள் 300 பேருக்கு மேல் இருந்தார்கள்.

இப்படிப்பட்ட பாட்டி கிடைத்தால் யாருக்கும் பெருமைதான். ஒரு முழம் துணி, ஒரு துண்டு ரொட்டி திருடிய முன்னோரைத்தான் எல்லாரும் தேடுகிறார்கள். கிடைப்பவர் அப்படி இல்லாவிட்டால்?

என் அலுவலக நண்பர் ஒருவருக்கு அதுதான் நடந்தது. அவருடைய பாட்டனின் பாட்டன் மாலுமியாக வந்து, ஊர் பிடித்துப்போய்த் தங்கிவிட்டார் என்பது குடும்பக் கதை. ஐம்பது வயதில் நண்பருக்குத் தேடும் ஆசை வந்தது. தன் பிறப்புச் சான்றிதழிலிருந்து தொடங்கினார். அதில் பெற்றோர் பெயர். அவர்களின் திருமணச் சான்றிதழில் அவர்களைப் பெற்றவர்களின் பெயர். இப்படியே படிப்படியாகப் பின்னோக்கி இறங்க வேண்டும். அவசரப்பட்டு மேலேயிருந்து தொடங்கினால், பதிவேடுகளில் உள்ள நூற்றுக்கணக்கான ஜான் ஸ்மித்களில் யாரோ ஒருவர் நமக்குத் தாத்தா ஆகிவிடுவார்.

மேற்கு ஆஸ்திரேலியாவில் பிறப்பு, இறப்புப் பதிவு 1841-இலேயே தொடங்கிவிட்டது. அந்தக் கொள்ளுப் பாட்டனின் இறப்புப் பதிவிலிருந்து அவர் வந்த ஆண்டைக் கணக்கிட்டு, பெர்த் மாநில நூலகத்தின் பேட்டி பிரிவில் கப்பல் பட்டியல்களைத் துழாவினோம். சனிக்கிழமைகளில் நானும் துணைக்குப் போவேன். பயணிகள் பட்டியலில் ஆள் இல்லை, மாலுமிகள் பட்டியலிலும் இல்லை. கைதிகள் பட்டியலில் இருந்தார்.

அன்றைய எழுத்தர்கள் கைதிகளைப் பற்றி எழுதி வைத்திருப்பதைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். உயரம், முடியின் நிறம், கண்ணின் நிறம், முகத்தின் வடிவம், தொழில், எழுதப் படிக்கத் தெரியுமா, உடம்பில் என்ன தழும்பு, என்ன பச்சை என்று எதையும் விடவில்லை. தப்பி ஓடினால் பிடிக்க வேண்டுமே! சுதந்திரமாக வந்த விவசாயியின் கண் என்ன நிறம் என்று எவரும் எழுதி வைக்கவில்லை. கிழக்கே நியூ சவுத் வேல்ஸிலும் தாஸ்மேனியாவிலும் பெயரோடு கப்பலின் பெயரையும் சேர்த்தே எழுதுவார்கள். நாம் அப்பா பெயரின் முதலெழுத்தைப் போடுவதுபோல, அவர்களுக்குக் கப்பல்தான் இனிஷியல். மேற்கே ஆளுக்கு ஓர் எண்.

நண்பரின் முன்னோர் இடது முன்கையில் நங்கூரம் பச்சை குத்தியிருந்தார். அதைப் படித்ததும் நண்பர் சிரித்தார். ‘மாலுமிக் கதை இங்கிருந்துதான் வந்திருக்கும்’ என்றார். அதற்கு அடுத்த கட்டத்தைப் படித்ததும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. ‘திருமணமானவர், பிள்ளைகள் மூவர்.’

ஃபிரிமேண்டலில் அவர் செய்துகொண்ட திருமணத்தின் பதிவில் ‘மணமாகாதவர்’ என்று இருந்தது. இங்கிலாந்தின் 1871 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் முதல் மனைவி கிடைத்தார். தன்னைக் ‘கணவனை இழந்தவர்’ என்று பதிந்திருந்தார். இவர் அப்போது இங்கே உயிரோடு, நண்பரின் கொள்ளுத் தாத்தாவைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்திருப்பார்.

அந்த மனிதரை ஒரே வரியில் அயோக்கியன் என்று சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. தண்டனை முடிந்தாலும் ஊர் திரும்பக் கப்பல் கட்டணத்தை அவரவரே தேடிக்கொள்ள வேண்டும். ஏழைக்கு அது ஆகிற காரியமில்லை. ஆனால் அங்கே மூன்று பிள்ளைகளோடு அந்தப் பெண் என்ன செய்திருப்பார் என்ற கேள்விக்கு இது பதிலாகாது.

நண்பரின் அத்தைக்கு எண்பது வயதுக்கு மேல். திருடன் என்றதும் அவர் கண்ணிமைக்கவில்லை. இரண்டு மனைவி என்றதும்தான் பொங்கிவிட்டார். ‘என் பாட்டி குடும்பம் முறையில்லாதது என்று அச்சடித்துக் கொடுக்கப் போகிறாயா?’ என்று கேட்டார். குடும்பக் கூட்டத்தில் கொடுப்பதற்காகத் தயாரான வம்சப் படம் ஆறு மாதம் அச்சுக்குப் போகவில்லை. கடைசியில் முதல் மனைவியின் பெயரும் மூன்று பிள்ளைகளின் பெயர்களும் அதில் இடம்பெற்றன. அத்தை கூட்டத்துக்கு வரவில்லை.

இதையும் சொல்லியாக வேண்டும். குவோக்காவோடு செல்ஃபி எடுக்க நாம் ரொட்னெஸ்ட் போகிறோமே, 1838 முதல் ஏறத்தாழ நூறு ஆண்டுகள் அது பூர்வகுடி ஆண்களையும் சிறுவர்களையும் அடைத்து வைத்த தீவு. சுமார் 3,700 பேர் அங்கு அடைக்கப்பட்டார்கள். 370 பேருக்கு மேல் அங்கேயே இறந்து, அடையாளமில்லாத குழிகளில் புதைக்கப்பட்டார்கள். விடுதலையான வெள்ளைக் கைதி வேலி போட்டு விவசாயம் செய்த நிலம் இவர்களுடையதுதான். அந்தத் தீவில் முன்னோரைத் தேடும் பேரப்பிள்ளைகளின் வேலை, என் நண்பரின் வேலையைவிடப் பல மடங்கு கடினம். எழுத்தர்கள் காதில் விழுந்தபடி பெயரை எழுதினார்கள்.

நம் பக்கமும் இந்தக் கதை உண்டு. அதே பிரிட்டிஷ் ஆட்சி இந்தியக் கைதிகளைப் பினாங்குக்கும் மலாக்காவுக்கும் சிங்கப்பூருக்கும் அனுப்பியது. 1825 ஏப்ரலில் பென்கூலனிலிருந்து சிங்கப்பூர் வந்த முதல் தொகுதியில் மெட்ராஸ் கைதிகள் 80 பேர் இருந்தார்கள். செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயமும் இஸ்தானாவும் இந்தியக் கைதிகளின் உழைப்பு. 1873-இல் அந்த முறை முடிந்தபோது பலர் ஊர் திரும்பாமல் இங்கேயே தங்கிவிட்டார்கள். அவர்கள் வழிவந்தவன் நான் என்று சொன்ன ஒருவரைக்கூட நான் இதுவரை சந்தித்ததில்லை. சஞ்சிக்கூலியாக வந்த கதையையே நம் வீடுகளில் குரலைத் தாழ்த்தித்தானே சொல்கிறோம்.

‘உன் ஆள் எந்தக் கப்பல்?’ என்று நண்பர் ஒருநாள் என்னைக் கேட்டார். ‘ரஜூலா’ என்று உடனே சொன்னேன். எந்த ஆண்டு, எந்தத் துறைமுகத்தில் ஏறினார், கூட யார் வந்தார்கள் என்று அடுக்கினார். ஒன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. அன்றிரவு அம்மாவைத் தொலைபேசியில் அழைத்தேன்.

‘நாகப்பட்டினத்துல ஏறுனதா உங்க தாத்தா சொல்லுவாரு. வருஷம் தெரியலையே’ என்றார். சற்று நேரம் கழித்து, ‘தைப்பிங்ல பெரியப்பா வீட்டுல ஒரு தகரப் பெட்டி இருக்கு. பழைய பாஸ்போர்ட் எல்லாம் அதுலதான் கெடக்கும். தீபாவளிக்குப் போறப்ப கேளு. உங்க பெரியம்மா தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி கேளு’ என்றார்.