இடைநிலை பிலிம் எஸ்எல்ஆர் கேமரா

இடைநிலை பிலிம் எஸ்எல்ஆர் கேமரா என்பது 35 மி.மீ. படச்சுருளில் படம் எடுக்கும் ஒற்றை லென்ஸ் எதிரொளிப்புக் கேமராக்களில், தொடக்கநிலைக் கருவிகளுக்கும் செய்தி ஒளிப்படக்காரர்கள் கையாண்ட விலை உயர்ந்த கருவிகளுக்கும் இடைப்பட்ட வகையாகும். நிக்கான் எஃப்எம்2, நிக்கான் எஃப்எம்10, கேனான் ஏஇ-1, நிக்கான் எஃப்80 போன்றவை இவ்வகையில் அறியப்பட்டவை. பென்டாக்ஸ் கே1000 மாணவர்களுக்கான எளிய கேமராவாகவே விற்கப்பட்டது. எனினும் அதன் உழைப்பையும் லென்ஸ் வரிசையையும் கருதி அதையும் இவற்றோடு சேர்த்துப் பேசுவது வழக்கம். இக்கட்டுரை இவ்வகைக் கேமராவை வைத்திருப்பதையும் பயன்படுத்துவதையும் திருப்பூர்ப் பின்னலாடைப் பகுதியின் வெளிச்சம், துணி, தூசி, தண்ணீர் ஆகியவற்றை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகிறது.

அமைப்பு

லென்ஸ் வழியே நுழையும் ஒளியை, 45 பாகைச் சாய்வில் நிற்கும் ஒரு கண்ணாடி மேல்நோக்கித் திருப்புகிறது. மேலேயுள்ள ஐங்கோணப் பட்டகம் அந்தப் பிம்பத்தை இடவலம் மாறாமல் நேராக்கிக் கண்ணுக்குக் காட்டுகிறது. பொத்தானை அழுத்தியதும் கண்ணாடி மேலெழுகிறது, ஷட்டர் திறந்து மூடுகிறது, கண்ணாடி மீண்டும் கீழிறங்குகிறது. படம் பதியும் அந்தக் கணத்தில் மட்டும் எடுப்பவருக்கு எதுவும் தெரியாது. லென்ஸ் காண்பதையே கண்ணும் காண்பதுதான் இந்த அமைப்பின் பலம்.

இவ்வகைக் கேமராக்களின் ஷட்டர்கள் இரு விதம். கே1000 போன்றவற்றில் ரப்பர் பூசிய துணித்திரை பக்கவாட்டில் ஓடுகிறது. எஃப்எம்2, எஃப்எம்10 ஆகியவற்றில் உலோகத் தகடுகள் மேலிருந்து கீழாக ஓடுகின்றன. படத்தின் அகலம் 36 மி.மீ., உயரம் 24 மி.மீ. என்பதால் மேலிருந்து கீழாக ஓடும் தகட்டுக்குத் தூரம் குறைவு. ஆகவே பிளாஷுடன் ஒத்துழைக்கும் வேகமும் கூடுகிறது. கே1000-இல் அது 1/60 நொடி, எஃப்எம்10-இல் 1/125, எஃப்எம்2-இன் 1984-க்குப் பிந்தைய வடிவத்தில் 1/250. மண்டபத்துக்குள் இந்த வேறுபாடு தெரியாது. நண்பகல் வெயிலில் முகத்து நிழலைப் பிளாஷால் நிரப்ப முயலும்போது தெரியும். ஐஎஸ்ஓ 100 பிலிமுக்கு அந்த வெயிலில் 1/125 நொடியும் எஃப் 16 துளையும் வேண்டும்; 1/60-க்கு மேல் போக முடியாத கேமராவில் துளையை எஃப் 22 வரை சுருக்க வேண்டியிருக்கும், சிறிய பிளாஷின் ஒளி அந்தத் துளைக்குப் போதாது.

சில கேமராக்கள்

பென்டாக்ஸ் கே1000 1976 முதல் 1997 வரை தயாரிக்கப்பட்டது. முப்பது லட்சத்துக்கும் மேல் விற்றது. முழுவதும் இயந்திர இயக்கம். மின்கலம் ஒளிமானிக்கு மட்டுமே. அதில் ஒளிமானியை அணைக்கத் தனிப் பொத்தான் கிடையாது. லென்ஸ் மூடியைப் போட்டு வைப்பதே மின்கலத்தைக் காக்கும் வழி.

நிக்கான் எஃப்எம்10 1995-இல் வந்தது. நிக்கானுக்காக இதைச் செய்து கொடுத்தது கொசினா என்ற ஜப்பானிய நிறுவனம். 2006-இல் நிக்கான் தன் பிலிம் கேமராக்களில் எஃப்6, எஃப்எம்10 இரண்டை மட்டும் தொடர்ந்து, பிறவற்றை நிறுத்த முடிவு செய்தது. இந்தியாவில் ஒளிப்படக்கலை படித்த மாணவர்கள் பலர் முதலில் பிடித்த எஸ்எல்ஆர் இதுதான். உடல் இலகுவானது, பிளாஸ்டிக் மிகுந்தது. எஃப்எம்2-இன் உறுதியை இதில் எதிர்பார்க்கலாகாது.

கேனான் ஏஇ-1 (1976), நிக்கான் எஃப்80 (2000) ஆகியவை மின்கலம் இல்லாமல் இயங்கா. எஃப்80-இல் தானியங்கிக் குவியமும் 1/4000 நொடி வேகமும் உண்டு. ஆனால் பழைய கைக்குவிய நிக்கான் லென்ஸைப் பொருத்தினால் அதன் ஒளிமானி வேலை செய்யாது. இதற்கு எதிர்மாறான சிக்கலும் உண்டு. துளை வளையம் இல்லாத புதிய நிக்கான் லென்ஸ்கள் எஃப்எம்10-இல் பொருந்தும். ஆனால் துளை மிகச் சிறிய அளவிலேயே நின்றுவிடும். பொருந்துகிறது என்பதற்காக ஒரு லென்ஸை வாங்கிவிடக் கூடாது.

தமிழ்நாட்டில்

தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களில் நெடுங்காலம் ஆண்டது எஸ்எல்ஆர் அல்ல. 120 சுருளில் 12 படம் எடுக்கும் யாஷிகா இரட்டை லென்ஸ் கேமரா. திருமண ஆல்பங்களில் வண்ணப் படம் பெருகி, 36 படச் சுருளும் பிளாஷும் தேவைப்பட்டபோதுதான் 35 மி.மீ. எஸ்எல்ஆர் பரவலாயிற்று. 1991-க்கு முந்தைய இறக்குமதிக் கட்டுப்பாடுகளின் காலத்தில் ஜப்பானியக் கேமரா பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்களின் பெட்டியிலும் சென்னை பர்மா பஜார் போன்ற கடைத்தெருக்களிலும்தான் கிடைத்தது. சோவியத் நாட்டுச் செனித் எஸ்எல்ஆர் சற்றே எளிதாகக் கிடைத்தது. கனமான, பிடிவாதமான கருவி அது.

பிலிம் தயாரித்த அரசு நிறுவனமும் தமிழ்நாட்டிலேயே இருந்தது. உதகமண்டலத்தில் 1960-இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1967-இல் உற்பத்தியைத் தொடங்கியது. கறுப்பு வெள்ளைப் பிலிம், ஒளிப்படத் தாள், எக்ஸ்ரே பிலிம் ஆகியவை ‘இந்து’ என்ற வணிகப் பெயரில் வந்தன. உதகைக்கு அந்த ஆலை போனதற்கு அங்கிருந்த குளிரும் தூசி குறைந்த காற்றும் காரணங்கள். 1990-களில் நலிந்த அந்த ஆலை பின்னர் மூடப்பட்டது. இன்று இந்தியாவில் விற்கும் 35 மி.மீ. பிலிம் இறக்குமதிச் சரக்கு. ஒவ்வொரு முறை பொத்தானை அழுத்தும்போதும் செலவை நினைக்க வேண்டியிருப்பதற்கு இதுவே முதற்காரணம்.

பனியன் கம்பெனியின் வெளிச்சம்

நிட்டிங், கட்டிங், ஓவர்லாக், பேட்லாக், செக்கிங், பேக்கிங் எனத் தொடரும் பனியன் கம்பெனி வேலைகள் பெரும்பாலும் கூரைக்கடியில், குழல் விளக்கின் கீழ் நடப்பவை. கண்ணுக்கு அது நல்ல வெளிச்சம். பிலிமுக்கு அவ்வளவு அல்ல. 250 முதல் 500 லக்ஸ் வரையுள்ள கூடத்தில் ஐஎஸ்ஓ 400 பிலிமுக்கு 1/60 நொடியில் எஃப் 2 முதல் எஃப் 2.8 வரை துளை வேண்டும். எஃப்எம்10-உடன் சேர்த்து விற்கப்பட்ட 35–70 மி.மீ. சூம் லென்ஸின் பெருந்துளையே எஃப் 3.5தான், 70 மி.மீ. முனையில் அது 4.8 ஆகச் சுருங்குகிறது. அந்த முனையில் 1/20 நொடி அளவுக்கு இறங்க நேரும். கை நடுக்கமும் தையல்காரரின் கை அசைவும் சேர்ந்து படத்தைக் கலைக்கும். எஃப் 1.8 அல்லது எஃப் 2 துளையுள்ள பழைய 50 மி.மீ. லென்ஸ் ஒன்று, விலை உயர்ந்த கேமரா உடலைவிட இங்கே அதிகம் உதவும்.

வேகத்தை விரும்பியபடி கூட்டவும் முடியாது. இந்திய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சோக் வைத்த பழைய குழல் விளக்கு நொடிக்கு 100 முறை மங்கி ஒளிர்கிறது. 1/250, 1/500 போன்ற வேகங்களில் அந்த ஏற்ற இறக்கத்தின் ஒரு பகுதி மட்டுமே பதிவதால், ஒரு படம் வெளுத்தும் அடுத்தது இருண்டும் வரக்கூடும். 1/60-உம் அதற்குக் குறைவான வேகங்களும் பாதுகாப்பானவை. பகல் ஒளிக்கெனச் செய்யப்பட்ட வண்ணப் பிலிம் இவ்விளக்கில் பச்சை ஏறிக் காட்டும். இளஞ்சிவப்புச் சாயலுள்ள எஃப்எல்-டி வடிகட்டி அதைச் சரிசெய்யும். ஆனால் ஏறக்குறைய ஒரு படி ஒளியைத் தின்றுவிடும். எல்இடி விளக்குக்கு மாறிய கூடங்களில் பச்சைத் தொல்லை குறைவு. கறுப்பு வெள்ளைப் பிலிம் போட்டால் இந்தக் கவலையே இல்லை.

வெள்ளை பனியனும் ஒளிமானியும்

இவ்வூர்த் துணியைப் படமெடுப்பவர் கட்டாயம் அறிய வேண்டிய பாடம் இது. கேமராவின் ஒளிமானிக்கு நிறமும் பொருளும் தெரியாது. எதிரேயுள்ளது நடுத்தரச் சாம்பல் என்று கொண்டே அது கணக்கிடும். சட்டகம் முழுக்க வெளுத்த பனியன் அடுக்கு நிறைந்திருந்தால், அதையும் சாம்பலாக்கும் அளவுக்கு ஒளியைக் குறைக்கச் சொல்லும். மானி சொல்வதைக் கேட்டால் நெகட்டிவில் ஒன்றரை முதல் இரண்டு படி ஒளி குறையும். கருஞ்சாயத் துணியில் இதற்கு நேர்மாறாக ஒளி கூடும்.

இரண்டு தவறும் ஒரே அளவு ஆபத்தானவை அல்ல. வண்ண நெகட்டிவ் பிலிம் இரண்டு, மூன்று படி மிகை ஒளியைத் தாங்கிக்கொள்ளும். ஒரு படிக்கு மேல் குறை ஒளியைத் தாங்குவது கடினம், நிழல்களில் மணல்போன்ற துகள்களே மிஞ்சும். ஆகவே வெள்ளைத் துணிக்கு மானி காட்டுவதைவிட இரண்டு படி துளையைத் திறக்க வேண்டும். கறுப்புத் துணியில் திருத்தம் செய்ய மறந்தாலும் படம் பிழைத்துக்கொள்ளும்.

இதற்கென விற்கும் சாம்பல் அட்டை கையில் இல்லாதவர்கள், நடுத்தர அடர்த்தியுள்ள சாம்பல் மெலஞ்ச் துணித் துண்டு ஒன்றைப் பயன்படுத்தலாம். திருப்பூரில் அதற்குப் பஞ்சமில்லை. ஒரு முறை உண்மையான அட்டையோடு ஒப்பிட்டு வேறுபாட்டைக் குறித்துவைத்துக்கொண்டால் போதும். படம் எடுக்கும் பொருளின் மேல் விழும் அதே ஒளியில் துண்டைப் பிடித்து அளப்பது முக்கியம்.

பஞ்சு, காற்று, ஈரம்

பின்னல் கூடங்களில் மிதக்கும் பஞ்சு இழை கேமராவின் பின்கதவைத் திறக்கும்போது உள்ளே போகும். பிலிம் பதியும் சட்டத்தின் ஓரத்தில் ஓர் இழை ஒட்டினால், அந்தச் சுருளின் எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் மயிர்போல் கறுப்புக் கோடு விழும். எண்ணிமக் கேமராவில் முதல் படத்திலேயே அதைக் கண்டுவிடலாம். இங்கே 36 படமும் கழுவி வந்த பிறகே தெரியும். சுருளை வெளியே வந்து மாற்றுவதும், ஊதுபந்தால் உட்புறத்தைத் துடைப்பதும் நல்லது. வாயால் ஊதக் கூடாது. எச்சில் துளி ஷட்டர் தகட்டில் காய்ந்து கறையாகும்.

பாலக்காட்டுக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவத்தில் வீசும் காற்று பல்லடம், உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகளுக்கு நல்லது, திறந்த கேமராவுக்கு அல்ல. மழைமறைவுப் பகுதி என்பதால் ஆண்டின் பெரும்பகுதி லென்ஸில் பூஞ்சை படரும் அச்சம் கடற்கரை ஊர்களைவிடக் குறைவு. ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் சிலிக்கா ஜெல் பொதியுடன் காற்றுப் புகாத டப்பாவில் வைக்க வேண்டும். தோல் உறையில் வைத்து அலமாரியில் பூட்டுவதே பூஞ்சைக்கு அழைப்பு.

சுருள் போடுவதில் நேரும் பிழை ஒன்றையும் சொல்ல வேண்டும். பிலிமின் நுனி சுற்றும் உருளையில் பிடிக்காமல் வழுக்கிவிட்டால், எண்ணி ஒன்று, இரண்டு என்று ஏறிக்கொண்டே போகும், பிலிம் நகராது. ஒரு திருமணம் முழுதும் இப்படிப் போய்விடக்கூடும். நெம்புகோலைத் தள்ளும் ஒவ்வொரு முறையும் இடப்பக்கச் சுருட்டுக் குமிழ் திரும்புகிறதா என்று பார்ப்பது இதற்கு ஒரே காப்பு.

கழுவுதல்

வண்ண நெகட்டிவுக்கான சி-41 முறையில் டெவலப்பர் 37.8 பாகை செல்சியஸில் 3 நிமிடம் 15 நொடி. வெப்பம் அரைப் பாகை தவறினாலும் நிறம் மாறும். எனவே இதை ஆய்வகத்திடம் விடுவதே பெரும்பாலோருக்கு உகந்தது. கறுப்பு வெள்ளை வீட்டிலேயே செய்யத்தக்கது. இல்ஃபோர்டு எச்பி5 பிளஸ் பிலிமுக்குக் கலக்காத டி-76 டெவலப்பரில் 20 பாகையில் ஏழரை நிமிடம். கோடையில் மேல்நிலைத் தொட்டித் தண்ணீர் 30 பாகையைத் தாண்டும். அந்தச் சூட்டில் நேரம் ஐந்து நிமிடத்துக்கும் கீழே இறங்கி, படம் திட்டுத் திட்டாகும். பனிக்கட்டி நிரப்பிய வாளியில் புட்டிகளை நிறுத்திக் குளிர்விப்பது ஒரு வழி. டெவலப்பரை அதே அளவு தண்ணீரில் கலந்து, கூடும் நேரத்தால் சூட்டை ஈடுசெய்வது இன்னொன்று. பனிக்கட்டியை நேராகக் கரைசலில் போட்டால் செறிவு கெடும்.

கழுவிய பின் மிஞ்சும் ஹைப்போவில், அதாவது நிலைநிறுத்தும் கரைசலில், பிலிமிலிருந்து கரைந்த வெள்ளி இருக்கிறது. நீர்வாழ் உயிர்களுக்கு அது நஞ்சு. சாயக்கழிவால் நொய்யலும் ஒரத்துப்பாளையம் அணையும் பட்ட பாட்டை இப்பகுதி அறியும். 2011 சனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாய, வெளுப்பு ஆலைகளை மூட உத்தரவிட்டது. வீட்டில் கழுவுபவர் ஊற்றும் அளவு அவற்றோடு ஒப்பிடத் தக்கதல்ல. ஆனாலும் சாக்கடையில் விடுவதற்குக் காரணம் எதுவும் இல்லை. ஹைப்போவைக் கேனில் சேர்த்து வெள்ளி பிரித்தெடுப்போரிடம் கொடுக்கலாம். எக்ஸ்ரே நிலையங்களும் ஸ்டூடியோக்களும் முன்பு அப்படித்தான் செய்தன.

பழைய கேமரா வாங்கும்போது

பின்கதவைத் திறந்து ஒவ்வொரு வேகத்திலும் ஷட்டரை இயக்கிப் பார்க்க வேண்டும். ஒரு நொடி வேகம் இழுத்து இழுத்து முடிந்தால் உள்ளே எண்ணெய் இறுகியிருக்கிறது. கதவோரத்துக் கறுப்பு நுரைப்பட்டை விரலில் பிசுபிசுத்து ஒட்டினால் ஒளி கசியும். ஆனால் அது மலிவாக மாற்றக்கூடியது, விலை குறைக்கக் கேட்க நல்ல காரணம். லென்ஸைக் கழற்றி, துளையை முழுக்கத் திறந்து, விளக்குக்கு எதிரே பிடித்தால் பூஞ்சை சிலந்திவலைபோல் தெரியும். மின்கலக் குழியில் பச்சை படிந்திருந்தால் ஏஇ-1, எஃப்80 போன்றவற்றை விட்டுவிடுவது மேல். கே1000, எஃப்எம்2 ஆகியவை மானி இறந்தாலும் படமெடுக்கும். ஒரு சுருள் எடுத்துக் கழுவிப் பார்க்காமல் எந்தக் கேமராவையும் முக்கிய நிகழ்ச்சிக்குக் கொண்டு போகக் கூடாது.

நெகட்டிவ்

2009-இல் தனி மாவட்டமான திருப்பூர், ஏற்றுமதி நகரமாக வளர்ந்த ஆண்டுகள் பிலிம் கேமராவின் ஆண்டுகளும்கூட. கம்பெனித் திறப்பு விழா, முதல் ஆர்டர் பேக்கிங், தொழிலாளர் குழுப்படம், விடுதிப் பெண்கள் ஊருக்கு அனுப்ப எடுத்துக்கொண்ட படம் என அக்காலம் ஸ்டூடியோ நெகட்டிவ்களில்தான் கிடக்கிறது. ஸ்டூடியோ மூடும்போது அவை எடைக்குப் போகும் ஆபத்து உண்டு. வெள்ளிக்காகப் பிலிமைக் கரைக்கும் வழக்கத்தால் பழைய தமிழ்த் திரைப்படங்கள் பலவற்றின் மூலச்சுருள்களும் இல்லாமல் போயின.

நெகட்டிவ்களை வழுவழுப்பான பிவிசி உறையில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். அமிலமற்ற தாள் உறையோ பாலிப்ரொப்பிலீன் உறையோ ஏற்றவை. புளிக்காடி வாடை வரும் சுருளை மற்றவற்றிலிருந்து உடனே பிரிக்க வேண்டும். அசிட்டேட் அடித்தளம் சிதையத் தொடங்கியதன் அறிகுறி அது, அந்த ஆவி அடுத்த சுருளையும் கெடுக்கும். மேக்ரோ லென்ஸ் பொருத்திய எண்ணிமக் கேமராவும் வெள்ளை ஒளிப்பலகையும் இருந்தால் ஒரு நாளில் நூற்றுக்கணக்கான படங்களை நகலெடுக்கலாம். உறையின் மேல் ஆண்டு, இடம், படத்திலிருப்பவர் பெயர் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதுவதை, அவர்களை அடையாளம் காட்டக்கூடியவர்கள் இருக்கும்போதே செய்துவிட வேண்டும்.