இளம் பெண்டிரும் கருப்பைவாய்ச் சோதனையும்

நோய் கண்டபின் மருத்துவரை நாடுவது உலக வழக்கம். நோவும் இல்லை, காய்ச்சலும் இல்லை என்றிருக்கும் ஓர் இளம் பெண்ணை, பிறரிடம் பேசவே கூசும் ஓர் உறுப்பைக் காட்டுமாறு ஆஸ்பத்திரிக்கு அழைப்பது எங்ஙனம்? கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் சோதனையின் சிக்கல் பெரும்பாலும் இக்கேள்வியில் அடங்கும்.

இந்நோய் திடீரெனத் தாக்குவதன்று. பாப்பிலோமா வைரஸ் என்னும் நுண்கிருமி கருப்பையின் வாயில் நெடுநாள் தங்கிவிடின், அங்குள்ள உயிரணுக்கள் மெல்லத் திரிபடைகின்றன. அத்திரிபு புற்றாக முதிரப் பெரும்பாலும் பத்தாண்டுக்கு மேலாகும். இடையிலேயே கண்டுகொண்டால் சிறு சிகிச்சையோடு தீரும். ஆயினும் 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் ஏறத்தாழ 80,000 பெண்கள் இந்நோயால் மாண்டனர் என மதிப்பிட்டுள்ளனர். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 30 முதல் 49 வயதுள்ள நம் நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு இருவர்கூட இச்சோதனையைச் செய்துகொண்டாரில்லை.

அச்சம் ஆளை அழைத்து வருமா? வரும், நெடுநாள் நில்லாது. 2009 மார்ச்சில் ஜேட் கூடி என்ற தொலைக்காட்சி நங்கை 27-ஆம் வயதில் இந்நோயால் இறந்தபோது, இங்கிலாந்தில் இலட்சக்கணக்கான பெண்கள் வழக்கத்தினும் கூடுதலாகச் சோதனைக்கு வந்தனர். செய்தி பழசாகவே அவ்வேகமும் தணிந்தது.

நம் நாட்டு அனுபவம் வேறொன்றைக் கற்பிக்கிறது. 1998-இல் டாட்டா நினைவு மருத்துவமனையார் மும்பைக் குடிசைப் பகுதிகளில் ஓர் ஆய்வைத் தொடங்கினர். பெரிய கருவி ஏதுமில்லை. நீர்த்த அசெட்டிக் அமிலத்தை, அதாவது காடியின் புளிப்புச் சத்தை, கருப்பைவாயில் தடவுவர். திரிபடைந்த இடம் ஒரு நிமிடத்தில் வெளுத்துத் தோன்றும். பயிற்சி பெற்ற சாதாரணச் சுகாதாரப் பணிப்பெண்களே இதனைச் செய்தனர். இந்நோயால் நேரும் மரணம் நூற்றுக்கு 31 பங்கு குறைந்தது. திண்டுக்கல் மாவட்டத்தில் செவிலியரைக் கொண்டு நடத்திய ஆய்விலும் அது 35 பங்கு குறைந்ததென 2007-இல் வெளியிட்டனர். வீட்டருகே இடம், பழகிய பெண்முகம், சில நிமிட வேலை: அச்சத்தினும் இவையே வலிய தூண்டுகோல் என்பது நம் கருத்து.

பிற மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கோ மொழியும் ஒரு தடை. வெள்ளைப்படுதலை இந்தியிலோ மராத்தியிலோ எப்படிச் சொல்வதென்று அறியாத தாய், பள்ளி செல்லும் மகனைத் துணைக்கு அழைத்துப் போகிறாள். அவன் எதிரில் எதைத்தான் வாய்விட்டுச் சொல்வாள்? தமிழ்ச் சங்கத்து மாதர் நால்வர் ஐவராகச் சேர்ந்து, மொழி தெரிந்த ஒருத்தியோடு செல்வாராயின் கூச்சத்தில் பாதி வாசலிலேயே கழியும்.

இன்னொரு தயக்கம் வெளியே சொல்லப்படாதது. சோதனைக்குப் போனால் நடத்தையில் ஐயுறுவரோ என்பதே அது. இவ்வைரஸ் உடலுறவால் பரவுவது உண்மை. எனினும் மணவாழ்வு நடத்தும் ஆண் பெண் பெரும்பாலோரை வாழ்நாளில் ஒருமுறையேனும் அது தொட்டே செல்கிறது. ஒழுக்கத்தை அளக்கும் சோதனையன்று இது. மாமியாரும் கணவரும் இதை முதலில் அறிதல் நலம். வீட்டில் ஒப்புதல் கிட்டாமையால் நின்றுவிடுவோர் பலர்.

நம் அரசின் திட்டம் 30 வயது முதல் இச்சோதனையை அளிக்கிறது. அதற்குக் கீழ்ப்பட்ட வயதில் தொற்று பெரும்பாலும் தானே மறைந்துவிடும். ஆனால் மாதவிலக்கல்லாத நாளிலோ, உறவின் பின்னரோ குருதி கண்டால் வயதைப் பாராது மருத்துவரிடம் செல்லவேண்டும். காடிச் சோதனையின் முடிவு அப்போதே தெரிந்துவிடும். ஆதலால் நாட்கூலிக்குப் போகும் பெண் அதற்கென இன்னொரு நாள் வேலையை இழக்க வேண்டுவதில்லை.